மைனஸ் 270: யார் அளந்தது?

விண்வெளி எவ்வளவு குளிர் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் மைனஸ் 270 டிகிரி செல்சியஸ் என்று பதில் வந்துவிடும். செய்தித்தாளில் ராக்கெட் செய்தி வரும்போதெல்லாம் ஒரு மூலையில் இந்த எண்ணும் தலைகாட்டும். கொஞ்சம் நின்று யோசிப்பவருக்கு அடுத்த கேள்வி எழும்: அங்கே போய் வெப்பமானியை வைத்தவர் யார்? மனிதர் ஏவிய கலங்களில் மிகத் தொலைவு போனவைகூட இன்னொரு விண்மீனை நெருங்கவில்லை. அதைவிடக் குடைகிற கேள்வி ஒன்று உண்டு. வெப்பநிலை என்பது ஒரு பொருளுக்கு உரியது. காற்றுக்கு உண்டு, தண்ணீருக்கு உண்டு, இரும்புக்கு உண்டு. ஏறக்குறைய ஒன்றுமே இல்லாத ஓர் இடத்துக்கு வெப்பநிலை என்று ஒன்று எப்படி இருக்கும்?

அந்த எண்ணை முதன்முதலில் நெருங்கியவர் ஆண்ட்ரூ மெக்கெல்லர். கனடாவின் மேற்குக் கரையில் விக்டோரியா நகரத்தில் உள்ள டொமினியன் வானியற்பியல் ஆய்வகத்தில் பணியாற்றியவர். 1941-இல் அவர் வெளியிட்ட விடை 2.3 கெல்வின். இதற்குக் கீழே குளிர முடியாது என்ற எல்லை மைனஸ் 273.15 டிகிரி, அதைத் தனிச்சுழி என்பார்கள். தனிச்சுழியிலிருந்து எண்ணத் தொடங்கினால் வருவது கெல்வின் அளவு. இன்று நாம் ஏற்கும் மதிப்பு 2.725 கெல்வின். விண்கலம் என்ற சொல் அறிவியல் கதைகளில் மட்டும் புழங்கிய ஒரு காலத்தில், வேறொருவர் எடுத்த ஒளிப்படத் தகட்டின் அளவுகளை வைத்துக்கொண்டு ஒருவர் அரை கெல்வினுக்கும் குறைவான பிழையில் சொல்லிவிட்டார். அவருக்குக் கிடைத்த வெப்பமானி ஒரு மூலக்கூறு.

மெக்கெல்லரின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த அளவீட்டின் பெரும்பகுதி நடந்தது வானத்தில் அல்ல, தரையில்தான் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். எதற்குப் பயன்படும் என்று தெரியாமலே மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவை விழுங்கும் ஒளியை அளந்து, அட்டவணையில் எழுதி வைத்த ஒரு கூட்டம் இருந்தது. அந்த அட்டவணைகள் இல்லாவிட்டால் தகட்டில் இருந்தவை பொருளற்ற கீறல்கள்.

கோடுகள் எங்கிருந்து வருகின்றன

வெள்ளை ஒளியை ஒரு பட்டகத்தின் வழியே செலுத்தினால் ஊதாவிலிருந்து சிவப்பு வரை விரிகிறது. அந்த விரிப்புக்குப் பெயர் நிறமாலை. வரும் வழியில் ஒளி ஒரு வாயுவைக் கடந்து வந்திருந்தால், நிறமாலையில் சில இடங்களில் மெல்லிய கருங்கோடுகள் தெரியும். அந்தந்த அலைநீளத்தை வாயு விழுங்கிவிட்டது என்று பொருள். எதை விழுங்கும், எதை விடும் என்பது மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறு. அதை அளந்து மூலக்கூறின் அமைப்பை உய்த்தறியும் துறை மூலக்கூறு நிறமாலையியல். அணுக்கள் பிணையும்போதும் பிரியும்போதும் நடப்பதை இயற்பியலின் விதிகளால் விளக்க முயலும் வேதி இயற்பியலுக்கு அதுதான் முதன்மையான கருவி.

தனி அணுவைவிட மூலக்கூறு சுவையானது. அணுவுக்குள் எலெக்ட்ரான்கள் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குத் தாவும், அவ்வளவுதான். மூலக்கூறோ அதோடு அதிரவும் செய்கிறது, சுழலவும் செய்கிறது. இரண்டு அணுக்கள் சேர்ந்த எளிய மூலக்கூறை எடுத்துக்கொள்வோம். அது விரும்பிய வேகத்தில் எல்லாம் சுழல முடியாது. குவாண்டம் விதிகள் சில குறிப்பிட்ட சுழற்சிகளை மட்டுமே அனுமதிக்கின்றன. மாடிப்படியில் ஏறுபவர் முதல் படியில் நிற்கலாம், இரண்டாம் படியில் நிற்கலாம், இரண்டுக்கும் நடுவே நிற்க முடியாது அல்லவா, அதுபோல. அடித்தளத்தில் இருக்கும் மூலக்கூறு சுழலவே இல்லை. முதல் படியில் இருப்பது மெல்லச் சுழல்கிறது. எந்தப் படியில் நின்றபடி மூலக்கூறு ஒளியை விழுங்குகிறதோ, அதற்கேற்பக் கோடு நிறமாலையில் ஒரு மயிரிழை இப்படியோ அப்படியோ விலகி விழும்.

இந்த விலகல்தான் நம் கதைக்கு ஆதாரம். ஒரே மூலக்கூறு ஒரு கோட்டைத் தருவதில்லை. நெருங்கி நிற்கும் கோடுகளின் ஒரு வரிசையையே தருகிறது. வரிசையின் இடைவெளிகள் அணுக்களுக்கு இடையே உள்ள தூரத்தைச் சொல்கின்றன. எந்தக் கோடு அழுத்தமாக இருக்கிறது, எது மங்கலாக இருக்கிறது என்பது எந்தப் படியில் எத்தனை மூலக்கூறுகள் நிற்கின்றன என்பதைச் சொல்கிறது.

ஒரு வாழ்நாள் வேலை

இந்தத் துறையில் ஒரு வாழ்நாள் எப்படிக் கழியும் என்று காட்ட ஜெர்ஹார்ட் ஹெர்ட்ஸ்பெர்க்கைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 1904-இல் ஹாம்பர்க்கில் பிறந்தவர். டார்ம்ஸ்டாட்டில் முனைவர் பட்டம் பெற்று, மாக்ஸ் போர்னும் ஜேம்ஸ் ஃபிராங்கும் இருந்த கோட்டிங்கனுக்குப் போய்ச் சேர்ந்தார். அவர் பட்டம் பெற்ற அதே 1928-இல், திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன் கல்கத்தாவில் கே. எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து, மூலக்கூறுகளில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு நிறம் மாறி வருவதைக் கண்டறிந்திருந்தார். எவ்வளவு மாறுகிறது என்பதிலிருந்து மூலக்கூறின் அதிர்வையும் சுழற்சியையும் படிக்கலாம். அடுத்த ஆண்டே இத்தாலியரான ஃபிராங்கோ ரசெட்டி அந்த முறையில் நைட்ரஜன் வாயுவை அளந்தார். கோடுகள் அழுத்தம், மங்கல், அழுத்தம், மங்கல் என்று மாறி மாறி வந்தன.

ஹெர்ட்ஸ்பெர்க்கும் வால்டர் ஹைட்லரும் அந்த வரிசையை உற்றுப் பார்த்தார்கள். குவாண்டம் விதிகளின்படி, எந்தக் கோடுகள் அழுத்தமாக வரும் என்பது அணுக்கருவுக்குள் இருக்கும் துகள்களின் எண்ணிக்கை இரட்டைப்படையா, ஒற்றைப்படையா என்பதைப் பொறுத்தது. அன்றைய கொள்கைப்படி நைட்ரஜன் கருவில் 14 புரோட்டான்களும் 7 எலெக்ட்ரான்களும் இருந்தன. மொத்தம் 21, ஒற்றைப்படை. கோடுகளோ இரட்டைப்படை என்றன. கருவுக்குள் எலெக்ட்ரான் இருக்கிறது என்ற நம்பிக்கையே தவறு என்பதற்கு 1929-இல் கிடைத்த தடயம் இது. 1932-இல் ஜேம்ஸ் சாட்விக் நியூட்ரானைக் கண்டபின் கணக்கு நேரானது: 7 புரோட்டான், 7 நியூட்ரான், மொத்தம் 14. வாயுவின் சுழற்சியை அளந்தவர்கள் அணுக்கருவைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அளந்தபோது ரசெட்டியின் நோக்கம் அதுவல்ல.

ஹெர்ட்ஸ்பெர்க்கின் மனைவி லூயிஸ் யூதர். அவரும் நிறமாலையியல் படித்தவர். நாஜி ஆட்சியில் யூதரை மணந்தவர் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தக் கூடாது என்று விதி வந்தது. 1935-இல் இருவரும் கனடாவின் புல்வெளி நகரமான சாஸ்கட்டூனுக்குப் போனார்கள். டார்ம்ஸ்டாட்டில் ஹெர்ட்ஸ்பெர்க்குடன் ஓராண்டு உழைத்திருந்த ஜான் ஸ்பிங்க்ஸ் என்ற வேதியியலர் அங்கே இருந்ததுதான் தொடர்பு. பெரிய ஆய்வகம் இல்லாத அங்குள்ள சிறு பல்கலைக்கழகத்தில் பத்தாண்டு. இடையில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் ஆய்வகத்தில் மூன்றாண்டு. 1948 முதல் ஒட்டாவாவில் உள்ள தேசிய ஆராய்ச்சி மன்றம். தொண்ணூறு வயதை எட்டும் வரை அங்கேதான். ஈரணு மூலக்கூறுகளைப் பற்றி 1939-இல் அவர் வெளியிட்ட நூலும் அதைத் தொடர்ந்த தொகுதிகளும் இன்றும் ஆய்வகங்களின் அலமாரியில் நிற்கின்றன. 1971-இல் நோபல் பரிசு வந்தது. இயற்பியலருக்கு வேதியியல் பரிசு! இந்தத் துறையின் இருப்பிடம் எல்லைக்கோட்டின் மேலே என்பதால் இதில் வியப்பில்லை.

சாஸ்கட்டூனில் நடந்த ஒரு வேலையை மட்டும் குறிப்பிட வேண்டும். 1930-களில் கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சன் தொலைநோக்கி, விண்மீன்களுக்கு இடைப்பட்ட வாயுவிலிருந்து வரும் சில மெல்லிய கோடுகளைப் பதிவு செய்திருந்தது. அவற்றில் மூன்று, 423.26, 395.77, 374.53 நானோமீட்டரில் இருந்தவை, யாருடையவை என்று தெரியவில்லை. ஹெர்ட்ஸ்பெர்க்கும் அவருடைய மாணவர் அலெக்ஸ் டக்ளசும் ஹீலியத்தில் துளி பென்சீன் ஆவியைக் கலந்து மின்சாரம் பாய்ச்சினார்கள். ஒரு கரி அணுவும் ஒரு ஹைட்ரஜன் அணுவும் சேர்ந்து, ஓர் எலெக்ட்ரானை இழந்த அயனி அதில் உண்டாயிற்று. அதன் கோடுகள் மூன்றும் அச்சுப் பிசகாமல் பொருந்தின. 1941-இல் அது வெளியானது. அதே கரி–ஹைட்ரஜன் இணை எலெக்ட்ரானை இழக்காமல் இருக்கும் வடிவமும் சயனோஜனும் அதற்குச் சற்று முன்பே அங்கே அடையாளம் காணப்பட்டிருந்தன. சயனோஜனைக் கண்டவர் மெக்கெல்லர்.

சயனோஜன் என்ற வெப்பமானி

சயனோஜன் என்று இங்கே சொல்வது ஒரு கரி அணுவும் ஒரு நைட்ரஜன் அணுவும் மட்டும் கோத்த துண்டை. பூமியில் இது நெடுநேரம் தனித்து நிற்காது; எதிர்ப்பட்டதோடு ஒட்டிக்கொள்ளும். இப்படிப்பட்ட அரைகுறை மூலக்கூறுகளுக்குத் தனியுறுப்பு என்று பெயர். விண்வெளியில் மோதுவதற்கு ஆள் இல்லை என்பதால் அது பாட்டுக்கு இருக்கிறது. ஓபியூக்கஸ் கூட்டத்தில் ஜீட்டா என்ற பிரகாசமான விண்மீன் இருக்கிறது. அதற்கும் நமக்கும் நடுவே ஒரு வாயு மேகம். விண்மீனின் ஒளி மேகத்தைக் கடந்து வரும்போது சயனோஜன் தன் பங்கை விழுங்குகிறது.

அடித்தளத்தில், அதாவது சுழலாமல், இருக்கும் சயனோஜன் 387.46 நானோமீட்டரில் ஒரு கோட்டைத் தருகிறது. முதல் படியில் சுழல்பவை 387.40-இல் தருகின்றன. இடைவெளி நானோமீட்டரில் பதினாறில் ஒரு பங்குதான். இந்த இரண்டு எண்களும் ஆய்வகத்தில் மின்பொறியிலும் சுடரிலும் சயனோஜனை உண்டாக்கி முன்பே அளந்து வைத்தவை. மவுண்ட் வில்சனின் தகட்டில் வால்டர் ஆடம்ஸ் இரண்டு கோடுகளையும் கண்டார். முதலாவது தெளிவாக இருந்தது, இரண்டாவது மிக மங்கல். எத்தனை பங்கு மங்கல் என்ற ஆடம்சின் மதிப்பீட்டைத்தான் மெக்கெல்லர் எடுத்துக்கொண்டார்.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்க்கலாம், சூத்திரம் வேண்டாம். ஒரு வாயுவின் வெப்பம் கூடக்கூட மேற்படிகளில் கூட்டம் கூடும், குறையக் குறைய எல்லாம் கீழே இறங்கிவிடும். சயனோஜனுக்கு அடித்தளத்திலிருந்து முதல் படிக்கு ஏற எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பது ஆய்வக அட்டவணையில் இருக்கிறது. முதல் படியில் சுழற்சி மூன்று விதமாக அமையலாம் என்பதால், வெப்பம் தாராளமாக இருந்தால் அடித்தளத்தில் இருப்பதைப்போல் மூன்று மடங்கு அங்கே நிற்கும். அடித்தளத்தில் 100 மூலக்கூறுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நம் வீட்டு அறையின் வெப்பநிலையில் முதல் படியில் சுமார் 295 இருக்கும். 10 கெல்வினில் 174. 5 கெல்வினில் 101, ஏறக்குறைய சமம். 2.7 கெல்வினில் 40. 2.3 கெல்வினில் 28. 1 கெல்வினுக்கு இறங்கினால் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். தகட்டில் கோடுகளின் அழுத்த விகிதத்தை அளந்து, ஒவ்வொரு கோட்டுக்கும் விழுங்கும் திறன் சற்று வேறு என்பதற்காக ஒரு திருத்தம் செய்து, இந்தப் பட்டியலில் எங்கே பொருந்துகிறது என்று பார்த்தால் வெப்பநிலை கிடைத்துவிடும். மெக்கெல்லருக்குக் கிடைத்தது 2.3.

பட்டியலை இன்னொரு தரம் பாருங்கள். 10 கெல்வினுக்கு மேலே போனால் எண்கள் 300-ஐ நோக்கி மெல்ல ஊர்கின்றன. 1 கெல்வினில் எண்ணே இல்லாமல் போகிறது. 2-க்கும் 5-க்கும் நடுவில்தான் ஒவ்வொரு அரை கெல்வினுக்கும் விகிதம் பளிச்சென்று மாறுகிறது. அந்தக் குளிரை அளக்க வாய்ப்பான மூலக்கூறு இது. அதே மேகத்தில் இருந்த கரி–ஹைட்ரஜன் இணைக்கு இந்தத் தகுதி இல்லை. ஹைட்ரஜன் அணு இலேசானது. இலேசான மூலக்கூறின் சுழற்சிப் படிகள் உயரமானவை. அந்தக் குளிரில் அதனால் முதல் படிக்கே ஏற முடியாது. அது முதல் படியிலிருந்து தரவேண்டிய கோடு தென்படவே இல்லை. அதிலிருந்து வெப்பநிலை குறைவு என்று மட்டும் சொல்லலாம், எவ்வளவு என்று சொல்ல முடியாது. எந்த மூலக்கூறு எந்தக் கேள்விக்கு உதவும் என்பதை முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாததால்தான் எல்லாவற்றையும் அளந்து வைக்க வேண்டியிருக்கிறது.

அது அந்த மூலக்கூறுதானா?

ஐயம் எழுவது நியாயம். வானத்தில் கோடுகள் ஏராளம், மூலக்கூறுகளும் ஏராளம். எங்கோ ஓரிடத்தில் இரண்டு எண்கள் ஒத்துப்போவது தற்செயலாக இருக்கக் கூடாதா? கூடும். ஒரே ஒரு கோட்டை வைத்துக்கொண்டு பெயர் சூட்டுபவரை நம்பக் கூடாது என்பேன். நம்பிக்கை வருவது வரிசையிலிருந்து. ஒரு மூலக்கூறின் நீளம், அணுக்களின் எடை என்று நான்கைந்து எண்களைக் கொடுத்துவிட்டால் பத்துப் பதினைந்து கோடுகளின் இடங்கள் தாமாகவே முடிவாகிவிடும். ஒன்று பொருந்தி ஒன்று பொருந்தாமல் நிற்க இடமில்லை. சயனோஜனுக்கு அடித்தளக் கோடு பொருந்தியது, முதல் படியின் கோடும் எதிர்பார்த்த அதே இடைவெளியில் விழுந்தது.

இருந்தும் பெரியவர்களும் வழுக்கியிருக்கிறார்கள். வால்மீன்களில் 405 நானோமீட்டர் அருகே ஒரு கோட்டுக் கொத்து தெரியும். 1942-இல் மீத்தேனில் மின்சாரம் பாய்ச்சி அதே கொத்தை ஹெர்ட்ஸ்பெர்க் ஆய்வகத்தில் வரவழைத்தார். ஒரு கரியும் இரண்டு ஹைட்ரஜனும் கொண்ட மெத்திலீன் அது என்றார். மீத்தேனிலிருந்து வருவது, எளிய துண்டு, பொருத்தமான ஊகம். 1949-இல் பெல்ஜியத்தில் மோன்ஃபில்சும் ரோசனும் ஹைட்ரஜனுக்குப் பதிலாக அதன் கனமான வடிவமான டியூட்டீரியத்தைப் போட்டுப் பார்த்தார்கள். மூலக்கூறில் ஹைட்ரஜன் இருந்தால் எடை கூடிக் கோடுகள் நகர்ந்தே ஆகவேண்டும். அசையவில்லை. அப்படியானால் அதில் ஹைட்ரஜனே இல்லை. 1951-இல் டக்ளஸ், அதே பழைய மாணவர், கரியின் கனமான வடிவத்தைக் கொண்டு சோதித்து அது மூன்று கரி அணுக்கள் கோத்த மூலக்கூறு என்று நிறுவினார். ஆசிரியரின் அடையாளம் ஆசிரியரின் கூடத்திலேயே, மாணவர் கையாலேயே விழுந்தது. துறையின் மேல் எனக்கு மதிப்பைக் கூட்டும் செய்தி இது. தவறை அவிழ்க்கும் கருவி அளவீட்டுக்குள்ளேயே இருந்தது. யாருடைய புகழையும் பார்த்து அது நிற்கவில்லை.

மெத்திலீனை ஹெர்ட்ஸ்பெர்க் விடவில்லை. 1959-இல் ஷூஸ்மித்துடன் சேர்ந்து, ஒரு வேதிப்பொருளின் மேல் கணநேரப் பெருவெளிச்சத்தைப் பாய்ச்சி உடைத்து, அது மறைவதற்குள் படம் எடுத்து, தூரப் புற ஊதாவில் 141 நானோமீட்டர் அருகே அதன் உண்மையான கோடுகளைப் பிடித்தார். தேடத் தொடங்கி பதினேழு ஆண்டு. இம்முறை டியூட்டீரியச் சோதனையிலும் தேறியது.

எண் இருந்தது, பொருள் இல்லை

இன்னும் கடுமையான ஆட்சேபம் ஒன்றிருக்கிறது. 1941-லேயே 2.3 என்ற எண் அச்சில் இருந்தது. ஹெர்ட்ஸ்பெர்க் தம் நூலின் 1950-ஆம் ஆண்டுப் பதிப்பில் அதை எடுத்துச் சொல்லவும் செய்தார். கூடவே, இந்த வெப்பநிலைக்கு மிகக் குறுகிய பொருள் மட்டுமே உண்டு என்று ஓர் எச்சரிக்கையும் சேர்த்தார். அதற்கு இரண்டாண்டு முன்னால், 1948-இல், ரால்ஃப் ஆல்ஃபரும் ராபர்ட் ஹெர்மனும் பிரபஞ்சம் சூடாகத் தொடங்கியிருந்தால் அதன் மிச்ச வெப்பம் இன்று சுமார் 5 கெல்வினாக எங்கும் பரவியிருக்க வேண்டும் என்று கணித்திருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை. 1965-இல் நியூ ஜெர்சியில் பெல் ஆய்வகத்தின் ஆர்னோ பென்சியாசும் ராபர்ட் வில்சனும் ஒரு வானொலி அலைவாங்கியில் போக்கவே முடியாத இரைச்சலாக அதைக் கேட்டு, 3.5 கெல்வின் என்று அறிவித்தபோதுதான் உலகம் விழித்தது. அவர்களுக்கு 1978-இல் நோபல் கிடைத்தது. மெக்கெல்லர் 1960-லேயே இறந்துவிட்டார். பொருள் தெரியாமல் அளந்து வைப்பதில் என்ன பயன் என்று இதைக் காட்டியே கேட்கலாம்.

ஹெர்ட்ஸ்பெர்க்கின் எச்சரிக்கையைக் கோழைத்தனம் என்று இன்று எழுதுபவர்கள் உண்டு. நான் ஒப்பமாட்டேன். அவர் கையில் இருந்தது ஒரு மேகத்தில் ஒரு மூலக்கூறின் இரண்டு படிகளின் விகிதம். அந்த விகிதத்தை எலெக்ட்ரான் மோதல்களும் உண்டாக்கியிருக்கலாம். அது அந்த இரண்டு படிகளின் வெப்பநிலையே தவிர வெளியின் வெப்பநிலை என்று சொல்ல அவரிடம் சான்று இல்லை. சொல்லாமல் விட்டது சரி. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டிருக்கலாம். முதல் படியில் நிற்கும் சயனோஜன் அங்கேயே இருக்காது. 2.64 மில்லிமீட்டர் நீளமுள்ள நுண்ணலையைக் கக்கிவிட்டுக் கீழே இறங்கிவிடும். இன்றைய கணக்குப்படி ஏறத்தாழ ஒரு நாளில். மேகத்தின் வயதோ இலட்சக்கணக்கான ஆண்டு. எல்லாம் என்றோ கீழே இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் ஏதோ ஒன்று ஓயாமல் மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறது. அந்த ஏதோ ஒன்றுதான் எங்கும் நிறைந்திருக்கும் பழைய வெப்பக் கதிர்வீச்சு. தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது: வெப்பநிலை உள்ளது அந்த வெளியை நிரப்பியிருக்கும் ஒளிக்கு; சயனோஜன் அதற்குள் மாட்டிய வெப்பமானி.

பயன் என்ன என்பதற்கு 1965-க்குப் பின் நடந்ததைப் பார்க்க வேண்டும். பென்சியாசும் வில்சனும் கேட்டது 7.35 செண்டிமீட்டர் என்ற ஒரே அலைநீளத்தில். ஒரே அலைநீளத்தில் ஓர் எண் வந்தால் அது பிரபஞ்சத்தின் மிச்ச வெப்பமா, ஏதோ வானொலி மூலத்தின் கலவை இரைச்சலா என்று பிரிக்க முடியாது. உண்மையான வெப்பக் கதிர்வீச்சானால் வேறோர் அலைநீளத்திலும் அதே வெப்பநிலை கிடைக்க வேண்டும். 2.64 மில்லிமீட்டரில் அப்போதே தயாராக ஓர் அளவு இருந்தது. ஜார்ஜ் ஃபீல்டு, பேட்ரிக் தேடியஸ் முதலியோர் 1966-இல் சயனோஜன் கோடுகளைத் திரும்ப அலசி ஏறத்தாழ 3 கெல்வின் என்றார்கள். கோபி விண்கலம் 1989-இல் ஏவப்பட்டு பல அலைநீளங்களில் அளந்து தீர்க்கும் வரை, கதிர்வீச்சு உச்சத்தில் இருக்கும் பகுதிக்கு அருகில் கிடைத்த நம்பகமான சான்றுகளில் ஒன்று இந்தப் பழைய மூலக்கூறுதான். 1993-இல் சயனோஜனைக் கொண்டே 2.729 என்று வரும் அளவுக்கு நுட்பம் கூடியிருந்தது.

விண்கலத்தாலும் முடியாத ஒன்றை மூலக்கூறு செய்கிறது. கோபி அளந்தது இங்கே, இப்போது உள்ள வெப்பநிலையை. பிரபஞ்சம் விரிந்து ஆறி வந்திருக்கிறது என்றால் முற்காலத்தில் அது சூடாக இருந்திருக்க வேண்டும். அதைச் சோதிக்க முற்காலத்தில் ஒரு வெப்பமானி வேண்டும். புணேயில் உள்ள ஐயூகா மையத்தின் ஆர். ஸ்ரீஆனந்தும் அவருடைய பிரெஞ்சு, ஐரோப்பியக் கூட்டாளிகளும் 2008-இல் அப்படி ஒன்றைக் கண்டார்கள். சுமார் 1100 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளியில், வழியில் இருந்த ஒரு விண்மீன் மண்டலத்தின் கார்பன் மோனாக்சைடு தன் கோடுகளைப் பதித்திருந்தது. படிகளில் மூலக்கூறுகள் பரவியிருந்த விதத்திலிருந்து வந்த வெப்பநிலை 9.15 கெல்வின், முக்கால் கெல்வின் முன்பின்னாக. கோட்பாடு எதிர்பார்த்தது 9.3. கார்பன் மோனாக்சைடின் கோடுகளை முதலில் அளந்தவர்கள் பிரபஞ்சத்தின் வயதை எண்ணி அளக்கவில்லை.

கணினி போதாதா?

மூலக்கூறின் எல்லா நடத்தையும் குவாண்டம் விதிகளில் அடக்கம், விதிகள் தெரியும், கணினி இருக்கிறது, பின் எதற்கு மின்பொறியும் பட்டகமும் என்று கேட்பவருக்கு வலுவான சான்றுகள் உண்டு, அதுவும் ஹெர்ட்ஸ்பெர்க்கின் வாழ்க்கையிலேயே. ஹைட்ரஜன் மூலக்கூறை இரண்டாகப் பிளக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று அவரும் மோன்ஃபில்சும் 1960-இல் அளந்திருந்தார்கள். 1968-இல் போலந்து நாட்டவரான கோவோசும் வோல்னியேவிச்சும் கணக்கிட்ட விடை அதைவிடப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கூடுதலாக வந்தது. அற்ப வித்தியாசம்தான், ஆனால் அவர்கள் கையாண்ட முறையில் விடை உண்மையைவிடக் குறைந்து போகலாமே தவிர கூட முடியாது. அப்படியானால் பிசகு அளவீட்டில். ஹெர்ட்ஸ்பெர்க் கருவியைக் கூர்மையாக்கி மறுபடி அளந்தார். 1970-இல் கணக்கே சரி என்று அவரே எழுதினார். மெத்திலீனிலும் அப்படியே. மூன்று அணுக்களும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன என்று அவர் முடிவு செய்திருந்தார். பெண்டரும் ஷேஃபரும் கணினியில் போட்டு, இல்லை, வளைந்திருக்கிறது என்றார்கள். வேறொரு சோதனையும் அதையே சொன்னது. தம் கோடுகளைத் திரும்பப் படித்துப் பார்த்த ஹெர்ட்ஸ்பெர்க், சுமார் 136 பாகை வளைவு என்று 1971-இல் திருத்திக்கொண்டார்.

ஆகவே கணினியை ஒதுக்கிவிட்டு வாதாட முடியாது. என் பதில் வேறு. ஹைட்ரஜன் மூலக்கூறில் எலெக்ட்ரான் இரண்டு, மெத்திலீனில் எட்டு. வானத்தில் ஒரு கோட்டுக்குப் பெயர் சொல்ல நானோமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு துல்லியம் வேண்டும்; பெரிய மூலக்கூறுகள் கண்ணுறு ஒளியை எங்கே விழுங்கும் என்பதைக் கணினி இன்றும் அந்தத் துல்லியத்தின் பக்கத்தில்கூடச் சொல்வதில்லை. எந்த இடத்தில் தேடலாம் என்று அது காட்டும். கண்டது சரிதானா என்று சொல்ல ஆய்வகம்தான் வேண்டும்.

பெயரில்லாத கோடுகள்

எவ்வளவு வேலை மிச்சம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1920-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் லிக் ஆய்வகத்தில் மேரி லீ ஹெகர், விண்மீன் ஒளியில் இரண்டு அகலமான மங்கல் பட்டைகளைக் கவனித்தார். வழியில் உள்ள வாயுவில்தான் அவை உண்டாகின்றன என்பது பின்னால் உறுதியானது. இன்று அப்படிப்பட்ட பட்டைகள் 500-க்கு மேல் தெரியும். கரி சேர்ந்த பெரிய மூலக்கூறுகள் என்று பொதுவாக ஒப்புக்கொள்கிறார்கள். பெரும்பாலானவை எவை என்று தெரியாது.

பெயர் கிடைத்த ஒன்றின் கதை இது. 1985-இல் ஹாரி க்ரோட்டோ, விண்வெளியின் நீண்ட கரிச் சங்கிலிகளை நுண்ணலை நிறமாலையில் தேடிவந்தவர், ஹூஸ்டனில் ஸ்மாலி, கர்ல் இருவரோடு சேர்ந்து சோதித்தபோது 60 கரி அணுக்கள் பந்தாகக் கூடிய மூலக்கூறைக் கண்டார். 1993-இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரத்தில் ஜான் மேயரின் குழு, ஓர் எலெக்ட்ரானை இழந்த அந்தப் பந்தை உறைந்த நியானுக்குள் பதித்து அதன் நிறமாலையை எடுத்தது. 1994-இல் ஃபோயிங்கும் ஏரன்ஃபிராயிண்டும் அதன் அருகே, 957.8, 963.3 நானோமீட்டரில், வானத்தில் இரண்டு பட்டைகளைக் கண்டார்கள். பொருந்தியதா? பொருந்தியது போல இருந்தது. உறைந்த நியான் சுற்றி நெருக்குவதால் கோடுகள் சற்று நகர்ந்துவிடும். எவ்வளவு என்று சொல்ல முடியாது. விண்வெளியில் இருப்பதுபோல் தனித்தும் குளிர்ந்தும் இருக்கும் அயனியை ஆய்வகத்தில் வைத்து அளந்தால்தான் தீரும். அதற்கு வழி கிடைக்க இன்னும் 21 ஆண்டு ஆயிற்று. 2015-இல் அதே பேசல் குழு அயனிகளை ஒரு பொறிக்குள் அடைத்து, சில கெல்வினுக்குக் குளிர்வித்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஹீலியம் அணுவை ஒட்ட வைத்தது. சரியான அலைநீளத்து ஒளி பட்டதும் ஹீலியம் கழன்று விழும். விழுந்தவற்றை எண்ணினால் நிறமாலை. இரண்டு பட்டைகளும் பொருந்தின. நூற்றாண்டு நெருங்கும் புதிரில் தீர்மானமாகப் பெயர் சொல்லப்பட்ட முதல் மூலக்கூறு அது. மற்ற பட்டைகளுக்கு ஒவ்வொரு மூலக்கூறாக எடுத்து, குளிர்வித்து, அளந்து, பொருந்தாததைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள்.